வசாயா, உத்தனா?

டிசம்பர் பிறந்தால் எங்கள் மும்பை மாட்டுங்கா நடைக்கூட்டத்தில் ஒரே வழக்குதான். நீரோரமாகப் பழைய தேவாலயங்களைப் பார்த்துக்கொண்டு நடக்க வசாய் நல்லதா, மனோரியிலிருந்து உத்தன் வரையா? ('வசை' என்று எழுதினால் திட்டாகிவிடும், துணைக்கால் அதற்காகத்தான்.) இரண்டு பக்கமும் கால் கடுக்க நடந்தவள் நான்.

புறப்பாட்டில் மனோரி முந்துகிறது. மலாடில் இறங்கி மார்வேக்குப் போய்ப் படகேறி உப்பங்கழியைக் கடந்தால், சில நிமிடங்களில் வேறு ஊர். நீர் வற்றும் நேரத்தில் போய்விட்டால் கதை வேறு. ஒருமுறை சேற்றில் புதைந்த என் செருப்பில் ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. வசாய்க்கோ விரார் லோக்கல் ரயிலில் நெரிபட வேண்டும். அது வேண்டாம் என்பவர்களுக்கு 2024-இல் தொடங்கிய, வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ரோ-ரோ படகு உண்டு. பாயந்தரில் ஏறினால் உல்லாஸ் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்து கோட்டையருகே இறங்கலாம்.

அந்தக் கோட்டைக்கு இணையாக மனோரிப் பக்கம் எதுவும் இல்லை. 1534-இல் போர்த்துகீசியர் கைக்கு வந்த வசாயை 1739-இல் மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா பிடித்தார். வெற்றியின் அடையாளமாகத் தேவாலய மணிகள் கோயில்களுக்குப் போயின. நாசிக் நாரோசங்கர் கோயில் மணி அப்படிப் போனதுதான். கூரை போன ஆலயச் சுவர்களை ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒன்றில் மட்டும் இன்றும் பூசை நடக்கிறது. இவ்வூரில் பிறந்து, 1597-இல் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்ட புனித கொன்சாலோ கார்சியாவின் பெயரால் அழைக்கப்படும் ஆலயம் அது. வெளியே வந்து பாப்டி பக்கம் நடந்தால் வெற்றிலைக் கொடிக்கால், வாழைத்தோப்பு, முச்சந்திக்கு முச்சந்தி சாமந்தி மாலை சூடிய கற்சிலுவை. வழியில் சுகேலி வாங்குங்கள். ராஜேளி வாழைப்பழத்தை வெயிலில் உலர்த்திச் செய்வது. தேன்நிறம், பல்லில் ஒட்டும்.

கோராயில் மூவரசர் ஆலயம், உத்தனில் கடல்மாதா ஆலயம் என்று அந்தப் பக்கமும் சும்மா இல்லை. மூங்கில் பந்தலில் வாயோடு வாய் கோத்துக் காயப்போட்ட பொம்பில் மீன்கள் வெயிலில் வெள்ளியாய் மின்னும். வாசனை பிடிக்காதவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆனால் அங்கே ஓடுவது ஆறல்ல, கழி. தார்ச்சாலையில் ஞாயிற்றுக்கிழமை பைக்குகள் நம்மை ஓரங்கட்டும்.

என் ஓட்டு வசாய்க்கே. பெரியம்மா மட்டும் மசியவில்லை. "உத்தன்ல வேளாங்கண்ணி மாதா இருக்கும்போது இடிஞ்ச கோட்டைக்கு ஏன்டி போகணும்?" என்கிறார். அங்கே மாதாவுக்குத் திருத்தலம் இருப்பது உண்மைதான். அவரை ஆட்டோவில் உத்தனுக்குத் தனியாக அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். வசாய்க்குக் காலை ஆறு மணி ரயிலைப் பிடிக்கச் சம்மதித்தவர்கள் இதுவரை நால்வர்.