சிமெண்ட் கோர்ட்டுக்கு ஒரு ரப்பர் பந்து: மோல்டன் பி7ஜி2000

பள்ளி மைதானத்திலும் ஊர் கிளப்பிலும் கூடைப்பந்து ஆடுபவர்களுக்கு மோல்டன் நிறுவனத்தின் இந்த ரப்பர் பந்தே போதும். விலை கூடிய கம்போசிட் (செயற்கைத் தோல்) பந்தை சிமெண்ட் தரையில் இறக்கினால் மேல்தோல் சீக்கிரம் தேய்ந்து வழுக்கும். தோல் பந்து ஈரம் குடித்துக் கனத்துவிடும். இது மழையில் நனைந்தால் துடைத்துவிட்டு ஆடலாம்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மோல்டன் கொண்டுவந்த 12 பட்டை வடிவம்தான் இதிலும். ஆரஞ்சும் வெளிர் நிறமும் மாறி மாறி வருவதால், ஷூட் செய்யும்போது பந்து நேராகப் பின்னோக்கிச் சுழல்கிறதா, பக்கவாட்டில் திருகுகிறதா என்பது தூரத்திலிருந்தே தெரியும். பயிற்சி கொடுப்பவருக்கு இது பெரிய வசதி. வெளிர் பட்டைகள் சீக்கிரமே அழுக்கேறிவிடும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரப்பர் பந்து ரிங்கில் பட்டுத் தெறிக்கிறது என்பது பலரும் சொல்லும் குறை. கம்போசிட்டைவிடக் கொஞ்சம் துள்ளும், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி காற்று. காற்றழுத்தம் 7 முதல் 9 பிஎஸ்ஐ (பம்பு மானியில் காட்டும் அழுத்த அலகு) வரை போதும். சைக்கிள் பம்பில் அளவு பார்க்காமல் அடித்தால் அது சட்டென்று தாண்டிவிடும். மானி இல்லையா? பந்தின் அடிப்பாகம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து, தள்ளாமல் விடுங்கள். எழும்பும்போது அதன் உச்சி 1.2 முதல் 1.4 மீட்டருக்குள் நின்றால் சரி. காலைக் குளிரில் சரிபார்த்த பந்து மதிய வெயிலில் இன்னும் இறுகும் என்பதால், ஆடப்போகும் நேரத்தில் பார்ப்பதே நல்லது.

காற்றடிக்கும் ஊசியைத் தண்ணீரில் நனைத்து நேராகச் செருகுங்கள். காய்ந்த ஊசியைத் திருகிக் குத்தினால் வால்வு ரப்பர் கிழிந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கும். வால்வில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். எண்ணெய் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். பந்தின் மேல் உட்காருவதும் வெயிலில் போட்டுவைப்பதும் ஒரு பக்கம் வீங்கவைக்கும். சுழற்றி மேலே எறிந்தால் தள்ளாடுகிறதா? அந்தப் பந்தின் கதை முடிந்தது, சரிசெய்ய வழியில்லை.

புழுதி படிந்தால் இது சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். ஈரத்துணியால் துடைத்தால் பிடி திரும்பிவிடும். பிடிமானம் தரும் மேற்பரப்புப் புள்ளிகள் தேய்ந்து மொட்டையான பிறகு எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அளவில் பல பள்ளிகள் தவறுகின்றன. பி7 என்பது பெரிய பையன்களுக்கான 7ஆம் எண். பெண்களுக்கு 6, சுமார் 12 வயதுக்குக் கீழ் 5. சின்னக் கைக்கு 7ஆம் எண்ணைக் கொடுத்தால் 3.05 மீட்டர் உயர ரிங்கை எட்ட, பிள்ளை தோளிலிருந்து இரண்டு கையாலும் தள்ளப் பழகிவிடும். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

மரத்தரை அரங்கில் போட்டி இருந்தால், அதற்கு ஒரு வாரம் முன்பே கம்போசிட் பந்துக்கு மாறிவிடுங்கள். கையில் ஒட்டும் விதமே வேறு. முதலில் பிசகுவது ஃப்ரீ த்ரோதான், அதாவது ஃபவுலுக்குப் பிறகு யாரும் தடுக்காமல் கோட்டிலிருந்து எறிவது.