காட்பாடி வீட்டில் எட்டுக் கம்பி

மாடி அறையில் வைஃபை வரவில்லை என்று அப்பா ஓராண்டாகப் புலம்பிக்கொண்டிருந்தார். கீழே கூடத்தில் ஃபைபர் பெட்டி; நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், ஒன்பது அங்குலச் சுவர்கள். அலை எப்படி மேலே ஏறும்? சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில் வந்து இறங்கியவன், கேபிள் இழுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வேலூர் போய் 305 மீட்டர் கேட்-6 இணையக் கேபிள் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். விலை சந்தேகப்படும்படி மலிவு. இருந்தும் வாங்கினேன். வீட்டில் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால் செம்புக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம். மேலே பூசியதுதான் செம்பு. இதில் மின்தடை அதிகம், நாலு முறை வளைத்தால் ஒடியும், கேமராவுக்கு இதிலேயே மின்சாரம் அனுப்பினால் சூடேறும். பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். வேறு கடையில் முழுச் செம்புக் கேபிள் 80 மீட்டர் வெட்டி வாங்கினேன்.

எலக்ட்ரீஷியனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஏழு மணிக்கு வருகிறேன் என்றவர் ஆறே முக்காலுக்கே வாசலில் நின்றார். மின்சார ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் இழுத்துவிடலாம் என்றார். 230 வோல்ட்டோடு இது போகக் கூடாது, தனி வழிதான் என்றேன். சுவரைக் கொத்தினால் தூசி என்று அம்மா மறுக்க, மாடிப்படி ஓரமாகக் கேபிளை மூடும் பிளாஸ்டிக் கேசிங் அடித்தோம். தன் ஊஞ்சல் பக்கத்திலும் ஒரு பாயின்ட் வேண்டும் என்றார் அப்பா. வைத்தோம், எதற்கென்று அவருக்கே தெரியாது.

மாலையில் மாடியில் மடிக்கணினியைச் செருகினால் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை. இணைப்பானைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு கம்பிகள்தான் மாட்டியிருந்தன.

“நெட்டுக்கு நான்கு போதும் சார், எல்லா வீட்டிலும் இப்படித்தான்.”

“100 வரைக்கும் போதும் தம்பி. ஆயிரம் வேண்டுமென்றால் எட்டும் வேண்டும்.”

அவர் வாதாடவில்லை. இரு முனையையும் வெட்டிவிட்டு வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று முணுமுணுத்தபடியே கோத்தார். ஜோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவில்லை. அதை நான் சொல்லித்தரவில்லை. கம்பிக்கொரு விளக்கு உள்ள டெஸ்டரில் ஏழாவது விளக்கு எரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மறுபடி வெட்டினார். இம்முறை எட்டும் வரிசையாக எரிந்தன.

இரண்டு நாள் கூலி 2,400 ரூபாய் கேட்டார். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

பிரித்த அந்தப் பெட்டி வீணாகவில்லை. கொல்லையில் அம்மாவின் பீர்க்கங்கொடிப் பந்தல் முழுக்க இப்போது அந்தக் கேபிள்தான்.