வாக்கிய இணைப்புச் செயலி: பாதி விலைக்குக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்

இரண்டு ஆங்கில வாக்கியங்களை ஒன்றாக இணைக்கப் பழக்கும் அந்தப் பயிற்சிச் செயலி பாதி விலைக்கு இறங்கியிருக்கிறதாம், பிள்ளைக்கு எடுக்கலாமா என்று எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவர் கேட்டார். மகள் தொடக்கநிலை 5-இல் இருந்தபோது சந்தா கட்டினேன், இப்போது சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்கிவிட்டது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லை ஆக்கப் பழக்கும் சொல்லாக்கப் பகுதி அருமை, அதில் குறையே சொல்ல மாட்டேன். 'ரெஃப்யூஸ்' 'ரெஃப்யூசல்' ஆகிறது, 'அரைவ்' 'அரைவல்' ஆகிறது, அப்படியானால் 'டிசைட்' மட்டும் ஏன் 'டிசைடல்' ஆகவில்லை என்று மகள் கேட்டாள். சொல்லைத் தொட்டால் அது வந்த வழியைக் காட்டுகிறது: 'டிசிஷன்' லத்தீனில் பிறந்து முழுச் சொல்லாகவே பிரெஞ்சு வழியாக வந்தது. 'டார்க்னஸ்', 'கைண்ட்னஸ்' இவற்றின் 'னஸ்' ஆங்கிலத்தின் சொந்த விகுதி. 'ஜெனராசிட்டி'யில் இருக்கும் 'இட்டி'யோ பிரெஞ்சு, லத்தீன் பக்கத்துச் சரக்கு. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அந்த மாதிரிச் சொற்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தன. இப்போதெல்லாம் புதுச் சொல்லைக் கண்டால் எந்த வீட்டுப் பிள்ளை என்றுதான் முதலில் பார்க்கிறாள். துணைப்பாட வகுப்பில் இவ்வளவு சொல்லித்தரவில்லை.

சரி, கோபத்துக்கு வருகிறேன். பிஎஸ்எல்இ ஆங்கிலத் தாள் 2-இல் வாக்கிய இணைப்புக்கு 5 கேள்வி, 10 மதிப்பெண். 'ஹீ வாஸ் இல்', 'ஹீ வென்ட் டு ஸ்கூல்' இரண்டையும் 'டிஸ்பைட்' போட்டு இணைக்கச் சொன்னது செயலி. மகள் 'டிஸ்பைட் பீயிங் இல், ஹீ வென்ட் டு ஸ்கூல்' என்று எழுதினாள். சிவப்புப் பெருக்கல் குறி! அதனிடம் இருக்கும் ஒரே விடை 'டிஸ்பைட் ஹிஸ் இல்னஸ்'. கேள்வியிலேயே 'டிஸ்பைட் ஹிஸ்' என்று கொடுத்திருந்தால் நியாயம், வேறு வழியில்லை. வெறும் 'டிஸ்பைட்' மட்டும் கொடுத்தால் பின்னால் பெயர்ச்சொல்லும் வரலாம், 'இங்' சேர்ந்த வடிவமும் வரலாம். வரக்கூடாதது 'டிஸ்பைட் ஹீ வாஸ் இல்' என்று எழுவாயும் வினையுமாக வருவதுதான். அதற்கும் இதே சிவப்புக் குறிதான் போடுகிறது, காரணம் ஒரு வரி கிடையாது. உண்மையான பிழை எது, சரியான மாற்று விடை எது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படிப் பிரித்தறியும்? பலமுறை எழுதிப் போட்டேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்ததோடு சரி. அப்புறம் பார்த்தால், எது சரி என்று யோசிப்பதை விட்டுவிட்டு, செயலி எதைக் கேட்கும் என்று ஊகித்து எழுத ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான். செயலி தவறு என்று சொன்ன அதே 'டிஸ்பைட் பீயிங் இல்' விடையைப் பள்ளியில் எழுதியபோது ஆசிரியர் முழு மதிப்பெண் போட்டிருந்தார்.

சொல்லாக்கப் பகுதியைத் தனியாக விற்றால் முழு விலை கொடுத்தே வாங்குவேன், அப்படி விற்பதில்லை. அக்காவிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். என் சந்தா இந்த மாதக் கடைசியில் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை.