இலவச ரிசால்வா, சந்தா பிரீமியரா? கல்யாண வீடியோ எடிட்டராக என் கணக்கு

கல்யாண வீடியோ எடிட் செய்கிற யாரிடமாவது 'டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருள் இலவசம்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி 'அதுல என்னென்ன இருக்காது?' என்பதாகத்தான் இருக்கும். நானும் அதையேதான் கேட்டேன். ஆறு வருடம் அடோபியின் சந்தா மென்பொருளான பிரீமியர் புரோவில் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் முழுதாக ரிசால்வுக்கு மாறினேன், ஆனால் அதற்கு முன் இரண்டு வருடம் அது என் கணினியில் திறக்கப்படாமலே கிடந்தது. காரணம் விலைதான். காசு வாங்காமல் கொடுக்கிறார்கள் என்றால் அது பழகுபவர்களுக்கான சரக்கு என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிடுகிறது.

அதன் கதையைத் தெரிந்துகொண்டபோதுதான் அந்த முடிவு எவ்வளவு தப்பு என்று புரிந்தது. டாவின்சி ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்களில் மட்டும் இருந்த, காட்சியின் நிறத்தைத் திருத்தும் கலர் கிரேடிங் சாதனம், விலை லட்சக்கணக்கான டாலர். 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கி, 2010இல் மேக்குக்கு 995 டாலர் மென்பொருளாக விட்டது, 2011இல் இலவசப் பதிப்பும் வந்துவிட்டது. 2017இல் 'ஸ்டூடியோ' என்ற கட்டணப் பதிப்பும் 299 டாலருக்கு இறங்கியது. விலை இறங்க இறங்க உள்ளே எடிட்டிங், ஆடியோ, கிராபிக்ஸுக்கான ஃபியூஷன் என்று கூடிக்கொண்டேதான் போனது. அவர்கள் கேமராவும் கலர் பேனலும் விற்கிறவர்கள், மென்பொருளைப் பழகியவர் நாளை அவற்றையும் வாங்குவார். அந்தப் பூஜ்ய விலை அவர்களுடைய வியாபாரத்தைப் பற்றியது, தரத்தைப் பற்றியது அல்ல.

ஒரே ரிசப்ஷன் காட்சியை இரண்டிலும் கிரேட் செய்து, எது எதில் செய்தது என்று சொல்லாமல் தொழில் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். ரிசால்வில் செய்ததைத்தான் நல்லா இருக்கு என்றார். பெயரைச் சொன்னதும் அவர் கேட்டது: "காசு கொடுத்து வாங்கின வெர்ஷன்தானே?"

வெட்டி ஒட்டும் வேலைக்கு இரண்டும் போதும். அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் டெம்ப்ளேட்டை வைத்தே டைட்டில் செய்பவர்களுக்கு பிரீமியர் வசதி. ஃபியூஷனில் நான் சின்ன டைட்டில்களைத் தாண்டியதில்லை, அதனால் அந்தப் பக்கம் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ரிசால்வுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும், அதில் சமரசம் கிடையாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பழைய புராஜெக்ட்தான். மூன்று வருடம் கழித்து ஒருவர் போன் செய்து, "வளைகாப்புல போடணும் அண்ணா, கல்யாண வீடியோல இருந்து ரெண்டு நிமிஷம் வெட்டிக் கொடுங்க" என்பார். அடோபி 2013இல் கிரியேட்டிவ் கிளவுடுக்கு மாறியதிலிருந்து புது வெர்ஷன்கள் சந்தாவில்தான் வருகின்றன, சந்தா ஓடாவிட்டால் நாமே செய்த டைம்லைனைத் திறந்து வேலை செய்ய முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, வருமானம் இல்லை, அந்த மாதங்களிலும் சந்தா போய்க்கொண்டே இருக்கும். ரிசால்வில் அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புராஜெக்ட்டுகள் டேட்டாபேஸுக்குள் இருக்கின்றன, புது வெர்ஷனில் திறந்ததைப் பழையதில் திறக்க முடியாது. அதனால் வேலை முடிந்ததும் ஃபுட்டேஜோடு ஆர்கைவ் செய்து தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிடுகிறேன்.

அப்புறம் ஸ்டூடியோ பதிப்பையும் வாங்கினேன். வெளிச்சம் குறைந்த மண்டபங்களில் எடுத்த படத்தில் பொடிப்பொடியாக வருகிற புள்ளிகளை நீக்கும் டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் இலவசத்தில் இல்லை. காசு ஒரே தடவைதான், இதுவரை அடுத்தடுத்த வெர்ஷன்களுக்குத் தனியாகக் கேட்டதில்லை, இனியும் அப்படியே இருக்கும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. வாங்கிய வாரம் தோல் நிறமெல்லாம் முன்பைவிட அழகாக வருவதுபோல் இருந்தது. இலவசப் பதிப்பில் செய்த பழைய கிரேடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நிறம் திருத்தும் கலர் வீல் அதேதான், நிறமும் அதேதான்.