பிள்ளைகளோடு வண்டி பார்க்க ஏற்ற ஸ்பார்க் டெஸ்டர்

தெருப் பிள்ளைகளுக்குக் குட்டி வண்டி ரிப்பேர் சொல்லிக்கொடுக்கிறவர்கள், ஸ்பேனர் செட்டுக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டியது ஸ்பார்க் டெஸ்டர்தான் என்பேன். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்ற வைக்கப் பொறி விடுகிற பிளக்குக்குக் கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கிற கருவி அது. அதிலும் பொறி தாண்ட வேண்டிய இடைவெளியைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். பிளக்குக்கும் அதன் தலையில் வயரோடு மாட்டுகிற கேப்புக்கும் நடுவில் செருகினால் பல்பு மினுக்குமே, அந்த வகை வேண்டாம். அது கரண்ட் வருகிறது என்று மட்டும் சொல்லும். வருகிற கரண்டுக்குத் தெம்பு இருக்கிறதா என்று சொல்லாது. உதைத்தும் கிளம்பாத வண்டியில் முதலில் தெரிய வேண்டியதே அந்தத் தெம்புதான்.

பொருள் ரொம்ப எளிமை. கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் கூட்டுக்குள் எதிரெதிராக இரண்டு உலோக முனைகள். ஒன்று அசையாது, இன்னொன்று பின்னால் உள்ள குமிழைத் திருகினால் நகரும். பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுகள். ஒரு தலையில் பிளக் கேப்பை மாட்ட வேண்டும், இன்னொரு பக்கம் உள்ள கிளிப்பை எஞ்சினின் வெறும் உலோகத்தில் கவ்வ வைக்க வேண்டும். பேட்டரி கிடையாது.

இதன் அருமை தெரிந்தது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பழைய 50 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி வந்து சேர்ந்தபோதுதான். உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். மூத்தவன் விவரமானவன். பிளக்கைக் கழற்றிக் கேப்பில் மாட்டி, எஞ்சினில் தொட வைத்து உதைத்துப் பார்த்திருக்கிறான். பொறி வந்திருக்கிறது. "கரண்ட் நல்லா வருது அண்ணா, கார்புரேட்டர்தான் போச்சு" என்று முடிவே கட்டிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, கை தேர்ந்தவர்களே அவசரத்துக்கு இப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்தச் சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது.

இந்த மாதிரி வண்டிகளில் பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்தான். வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். அதனால் நோஞ்சான் கரண்டு கூட வெளியே அழகாகப் பொறி காட்டிவிடும். சிலிண்டருக்குள் கதை வேறு. பொறி விழ வேண்டிய நேரத்தில் பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெட்ரோலையும் அழுத்திப் பிடித்திருக்கும். அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைத் தாண்ட வோல்ட் அதிகம் வேண்டும். 1889-லேயே ஃபிரீட்ரிக் பாஷென் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் இந்தக் கணக்கை வெளியிட்டுவிட்டார். வெளியே வந்த பொறி உள்ளே வராமல் போவது இதனால்தான். சிலிண்டருக்குள் போய்ப் பார்க்க முடியாதே, அதற்குப் பதிலாக வெளிக்காற்றிலேயே இடைவெளியை அகலமாக்கிச் சோதிக்கிறது டெஸ்டர். யமஹாவின் பல சர்வீஸ் புத்தகங்கள் குறைந்தது 6 மில்லிமீட்டர் தாண்ட வேண்டும் என்கின்றன. சுசுகியின் பல புத்தகங்களில் அது 8.

சரி, 6-ல் வைத்து உதைக்கச் சொன்னேன். ஒன்றுமே இல்லை. குமிழைத் திருகும் வேலையைச் சின்னவளிடம் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு உதைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். 3 பக்கம் வந்ததும் மெல்லிசாக, சிவப்பாக ஒரு இழை எட்டிப் பார்த்தது. "அப்போ கார்புரேட்டர் இல்லையா?" என்றான் மூத்தவன். கரண்ட் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியே பின்னால் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

முதலில் சிக்கியது பிளக் கேப். அதை இடப்பக்கமாகத் திருகினால் வயரிலிருந்து கழன்று வந்துவிடும். உள்ளே கூர்மையான ஒரு திருகு இருக்கும். வயரின் நடுச்செம்பைக் குத்திப் பிடிப்பது அதுதான். இந்த வண்டியில் வயர் நுனியில் செம்பு இழைகள் பச்சையும் கறுப்புமாகப் பூத்து, விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தன. கட்டிங் பிளையரால் நகம் அகலத்துக்கு வெட்டியதும் செம்பு பளபளவென்று தெரிந்தது. கேப்பை மறுபடி இறுக்கித் திருகி, 6-ல் வைத்து உதைத்தால், நீலமாகத் தடித்த பொறி, சத்தத்தோடு! சின்னவள் யாரும் சொல்லாமலே 8-க்குத் திறந்துவிட்டாள். அதையும் தாண்டியது. அந்த வீட்டில் அப்போது எழுந்த கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மூத்தவனின் சந்தேகமும் முழுக்கப் பொய் இல்லை. பழைய பெட்ரோலால் கார்புரேட்டரில் பைலட் ஜெட்டின் (வண்டி மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடுகிற குட்டிக் குழாய்) துளை பிசின் பிடித்து அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, சோக் போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் கரண்டைச் சரிசெய்யாமல் ஜெட்டை மட்டும் சுத்தம் செய்திருந்தால் அப்போதும் கிளம்பியிருக்காது. பாவம், நல்ல கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

என்னிடம் உள்ள டெஸ்டரில் குறைகளும் உண்டு. கிளிப்பின் ஸ்பிரிங் தளர்ச்சி, உதைக்கிற அதிர்ச்சியில் நழுவுகிறது. இது சின்ன விஷயம் இல்லை. எர்த், அதாவது எஞ்சின் உலோகத்தோடு உள்ள தொடர்பு, விட்டுப்போன நிலையில் உதைத்தால், கரண்ட் போக வழியில்லாமல் வோல்ட்டைக் கூட்டுகிற காயிலோ, பொறி விட வைக்கிற சிடிஐ பெட்டியோ கெடலாம். பிடித்திருக்கிற பிள்ளைக்கு ஷாக்கும் அடிக்கும். அதனால் வேறு நல்ல கிளிப் மாற்றிவிட்டேன். கோடுகளின் எண்கள் பெட்ரோல் கை பட்டு அழிய ஆரம்பித்துவிட்டன. வெயிலில் பொறி தெரிவதே இல்லை, யாராவது கையால் நிழல் கட்ட வேண்டும்.

பயன்படுத்தும்போது பிளக்கை எஞ்சினிலேயே விட்டுவிடுங்கள். பிளக் துளை திறந்திருந்தால் பெட்ரோல் ஆவி வெளியே வரும், பக்கத்திலேயே பொறி பறக்கும். பிள்ளைகள் கூடி நிற்கிற இடத்தில் அது கூடவே கூடாது. டெஸ்டரைப் பெட்ரோல் டியூபிலிருந்து தள்ளி வையுங்கள். உதைக்கும் முன் எஞ்சினை அணைக்கிற கில் சுவிட்சையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாங்கும்போது தலைமுனையைக் கவனியுங்கள். சின்ன ஜப்பான் வண்டிகளின் கேப் பலவும் பிளக்கின் வெறும் மரையில்தான் மாட்டும், மேலே உருண்டை நட் இருந்தால் நுழையாது. அந்த நட்டைக் கழற்ற முடிகிற டெஸ்டராக எடுத்தால் இரண்டு வகை கேப்புக்கும் ஆகும். கிளிப்பைக் கடையிலேயே அழுத்திப் பாருங்கள். கட்டை விரலுக்குக் கொஞ்சமாவது வலித்தால் வாங்கலாம்.