"முழுசா ரெஸ்டோர் செய்தது" என்று போட்டு விற்கும் பழைய டிவி: ஏமாந்துவிடாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதையாக எழுதத் தொடங்கிவிடுவேன், எனக்கு டிவி விற்ற இந்த ஆளுக்கு அந்த மரியாதை தேவையில்லை. இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. முழுசாக இரண்டு மாதச் சம்பளம், அது போக பேக்கிங்குக்கும் வண்டிக்கும் தனியாக. வாங்கியது, பழைய பொருட்களை ஆளாளுக்குப் போட்டு விற்கும் ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில். பெயரைப் போடவில்லை. பணத்தைத் திருப்பித் தர அங்கே ஆள் கிடையாது, ஆனால் பெயரைச் சொன்னால் நோட்டீஸ் அனுப்ப மட்டும் ஆள் வந்துவிடும். வாங்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

டிவி எது என்றால், ஆர்சிஏ என்ற அமெரிக்கக் கம்பெனியின் 630-டிஎஸ். பழைய டிவி சேர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: 1946இல் வந்த செட், இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பெரிய அளவில் தயாரித்து விற்ற முதல் டிவி. மரப்பெட்டி, 10 அங்குல வட்ட பிக்சர் ட்யூப், 30 வால்வு. அந்தச் சர்க்யூட் அவ்வளவு நன்றாக அமைந்துபோனதால் மற்றக் கம்பெனிகளும் அதையே எடுத்துத் தங்கள் பெயரில் போட்டு விற்றார்கள். நான் இதுவரை பிற்காலத்து டிரான்சிஸ்டர் செட்டுகளையும், மூலையில் தூசி பிடித்துக் கிடந்த சில கறுப்பு வெள்ளை வால்வு செட்டுகளையும்தான் தேடிப்பிடித்துச் சரிசெய்திருக்கிறேன். 630 ஒன்று கையில் வர வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஆசைப்படுபவன் யார் என்று இந்த மாதிரி ஆட்களுக்கு மோப்பத்திலேயே தெரிந்துவிடுகிறது.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: "முழுசா ரெஸ்டோர் செய்தது. எல்லாக் கண்டென்சரும் மாற்றியாச்சு. பிக்சர் ட்யூப் பளிச். பிளக்கில் செருகினால் போதும்." (கண்டென்சர் என்பது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சின்ன உறுப்பு.) போட்டோவில் திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சும்மா வாங்கிவிடவில்லை. சேசிஸின், அதாவது உறுப்புகளைப் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டின், அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், உடனே அனுப்பினான். பார்த்தால் எல்லாமே பழைய மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள். மாற்றியாச்சு என்று போட்டிருக்கிறீர்களே, இதெல்லாம் பழசாக இருக்கிறதே என்று கேட்டேன். இங்கேதான் அவன் கெட்டிக்காரத்தனம். வாய்ஸ் மெசேஜில் கொஞ்சம் வருத்தப்பட்ட குரலில் சொன்னான்: "சார், பழசு மாதிரி தெரியணும்னுதானே சார் ராத்திரி பகலா உட்கார்ந்து செஞ்சேன். ஒவ்வொண்ணையும் சூடு காட்டி உள்ளே இருக்கிறதை உருவிட்டு, புது ஃபிலிம் கண்டென்சரை உள்ளே வெச்சு, ரெண்டு பக்கமும் மெழுகு ஊத்தி மூடியிருக்கேன். விவரம் தெரிஞ்சவங்க கண்ணுக்கே தெரியலைன்னா எனக்கு அதுதான் சார் பெருமை."

இது இல்லாத வேலை இல்லை. நல்ல ரெஸ்டோரர்கள் நிஜமாகவே இப்படிச் செய்வார்கள். அட்டைக் குழாய் பழசு, மேலே அச்சடித்த எழுத்து பழசு, உள்ளே மட்டும் புதுசு, சேசிஸைத் திருப்பினால் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். பொறுமை பிடித்த வேலை, ஒரு செட்டில் இப்படி டஜன் கணக்கில் செய்ய வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவனைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்கள் எழுந்து நின்று கும்பிடுவோம். ஆக, அவன் எதையும் மாற்றவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியையே தன் கைவேலைக்குச் சாட்சியாக மாற்றிவிட்டான். சந்தேகம் கேட்டவன் வாயாலேயே "சூப்பர் சார், பிரமாதமான வேலை" என்று சொல்ல வைத்துவிட்டான். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் கெட்டர் போட்டோ கேட்டேன். பிக்சர் ட்யூபின் கழுத்துக்குள் கண்ணாடியில் படிந்திருக்கும் பூச்சுதான் கெட்டர், உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை அது இழுத்துக்கொள்ளும். வெள்ளி நிறமாகவோ கருமையாகவோ பளபளவென்று இருந்தால் வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். காற்று புகுந்திருந்தால் வெளுத்துவிடும், அந்த ட்யூப் அத்தோடு முடிந்தது. அதற்கும் போட்டோ வந்தது. பளபளவென்றுதான் இருந்தது.

வீடியோ கேட்டதற்கு மட்டும் போன் கேமராவில் திரை வரி வரியாக விழுகிறது சார் என்றான். அது உண்மைதான், டிவியின் வேகமும் கேமராவின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டை ஓடும். பதிலுக்கு ஒரு ஆடியோ அனுப்பினான். அதில் அந்த மெல்லிய கீச்சுச் சத்தம் இருந்தது. ட்யூப் டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பக்கத்து அறையில் டிவி போட்டாலே சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் காதில் ஒரு ஊசிக் கீச்சு கேட்கும், 525 வரிகளில் படம் வரையும் இந்த மாதிரி செட்டுகளில் அது நொடிக்கு 15,750 அதிர்வு. அதைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது. அந்தச் சத்தம் எந்த ட்யூப் டிவியிலிருந்து வேண்டுமானாலும் வரலாம். அவன் கூசாமல் அனுப்பினான், நான் பணத்தைக் கட்டினேன். இரண்டு மாதச் சம்பளம்.

பெட்டி வந்தது. பேக்கிங்கைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் செய்திருந்தான், ஒரு கீறல் இல்லை. (அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.) பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தேன். கெட்டர் வெள்ளை. சுத்தமான வெள்ளை, சுண்ணாம்பு அடித்த மாதிரி. விரிசல், உடைசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இது வண்டியில் வரும்போது காற்று புகுந்த ட்யூப் இல்லை, எப்போதோ செத்த ட்யூப்.

அதைவிட மோசம் அடுத்து. அந்தக் காலத்து 10பிபி4 ட்யூபின் கழுத்தில் மூன்று சாமான் வரிசையாக உட்கார்ந்திருக்கும்: எலக்ட்ரான் கற்றையைத் திரை முழுக்கத் திருப்பும் யோக், அதைக் குவிக்கும் ஃபோகஸ் காயில், அதற்குப் பின்னால் சாக்கெட் பக்கமாக ஐயான் ட்ராப் என்ற சின்னக் காந்தம். அந்த ட்யூபில் எலக்ட்ரானைப் பாய்ச்சும் எலக்ட்ரான் கன்னின் அமைப்பே எல்லாம் கோணலாகக் கிளம்பும்படிதான் இருக்கும், கனமான ஐயான்கள் திரையில் போய் அடித்துக் கறை விழக் கூடாது என்பதற்காக. கோணலாகக் கிளம்பும் எலக்ட்ரானை நேராகத் திருப்பிவிடுவது அந்தக் காந்தம். அது இல்லாவிட்டால், ஏன், இடம் கொஞ்சம் தள்ளியிருந்தால்கூட, திரை கும்மிருட்டு. என் செட்டில் ஐயான் ட்ராப்பே இல்லை. எங்கேயாவது கழன்று விழுந்திருக்குமோ என்று பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினேன், அடைத்திருந்த ஃபோமைக்கூட உதறிப் பார்த்தேன். கிடையாது. அவன் அனுப்பிய கெட்டர் போட்டோவில் கழுத்தில் அந்தக் காந்தம் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் போட்டோ வேறொரு ட்யூப்.

கண்டென்சராவது பார்ப்போம் என்று ஒன்றைச் சால்டர் நீக்கி எடுத்தேன். பிளேடால் அட்டையை நீளவாக்கில் கீறினேன். உள்ளே மஞ்சள் நிறத்தில் குட்டியாக ஒரு ஃபிலிம் கண்டென்சர் இருக்க வேண்டும். இருந்தது, பழுப்பேறிய காகிதமும் அலுமினியத் தகடும் சுருட்டிய பழைய சுருள், விரலெல்லாம் பிசுபிசு. இன்னொன்று. அதுவும் அதே. அதற்கு மேல் கீற மனசு வரவில்லை, மற்றதையெல்லாம் ஒரு முனையை மட்டும் கழற்றி லீக்கேஜ் (கரண்ட் கசிகிறதா என்று) பார்த்தேன், ஒன்றுகூடத் தேறவில்லை. ராத்திரி பகலா உட்கார்ந்து செஞ்சானாம்.

"பிளக்கில் செருகினால் போதும்" என்று போட்டானே, அதற்குத்தான் தனியாகக் கோபம். செருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் காகிதக் கண்டென்சர் லீக் ஆனால் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு டிசி போகும், வால்வு அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கும், அதோடு பிக்சர் ட்யூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகி வெந்துபோகும். காய்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் ஷார்ட் ஆனால் பவர் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். கண்டென்சர் கடையில் கிடைக்கும், 1946 ஃப்ளைபேக்குக்கு எங்கே போவது? வேறொரு செட்டைக் கொன்றுதான் எடுக்க வேண்டும். புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வந்த ஒருவர் அந்த வரியை நம்பி நேராகக் கரண்ட் கொடுத்திருந்தால் வீட்டில் புகைதான்.

பிறகு அந்த "ஓடும் படம்" போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தின் ஓரம் ஒரு மயிரிழை அளவுக்கு மரச் சட்டத்தின் மேல் ஏறியிருக்கிறது. வெட்டி ஒட்டியிருக்கிறான்.

சரி, இனி பதில்கள். முதலில் அவனுக்குப் போட்டோவோடு எழுதினேன். "வண்டியில வரும்போது ஆகியிருக்கும் சார்." காந்தம் எப்படி வண்டியில் காணாமல் போகும்? "நீங்க கழட்டியிருப்பீங்க சார்." கண்டென்சர்? "சில இடத்துல மட்டும்தான் மாத்தினேன்னு சொன்னேன் சார்." வாய்ஸ் மெசேஜ் என்னிடம் இருக்கிறது என்றேன். அதோடு பேச்சு நின்றது. கடைசியாக வந்தது: "உங்க செலவுல திருப்பி அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றேன்." ஒரு ஆளால் தூக்க முடியாத செட்டை என் செலவில் அனுப்ப வேண்டும், அவன் பார்த்துவிட்டுச் சொல்வான்.

தளத்தின் உதவிப் பிரிவு அதற்கு மேல். எதை எழுதினாலும் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தானாக ஒரு பதில். மனுஷன் வருவதற்குள் வெவ்வேறு பெயரில் ஆட்கள் வந்து ஒவ்வொருவரும் முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்கள். பெட்டி சேதமாகியிருந்தால்தான் போக்குவரத்து இழப்பீடாம், பெட்டியில் கீறல் இல்லாததால் அது கிடையாது. பழுதுள்ள பொருள் என்று புகார் செய்ய வேண்டுமானால், கேளுங்கள், தயாரித்த கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலிருந்து கடிதம் வேண்டும். 1946 டிவிக்கு! அந்த ஆர்சிஏவையே ஜெனரல் எலக்ட்ரிக் 1986இல் வாங்கியாயிற்று, நான் எந்த சர்வீஸ் சென்டரில் போய் டோக்கன் எடுப்பது? இதைச் சொன்னதற்கு "பழம்பொருட்கள் உள்ளது உள்ளபடி விற்கப்படுகின்றன" என்று ஒரு விதியை ஒட்டிவிட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். விளம்பரத்தில் "பிளக்கில் செருகினால் போதும்" என்று இருந்ததே என்றால் அதற்குப் பதில் இல்லை. பணம் கட்டும்போது மட்டும் "உங்கள் பணம் பாதுகாப்பாக உள்ளது" என்று பச்சை நிறத்தில் பூட்டுப் படம் போட்டுக் காட்டினார்கள். பாதுகாப்பாகத்தான் இருக்கிறது, அவனிடம். இரண்டு மாதச் சம்பளம்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாக: செட் ஓடுகிறது என்றால் வீடியோ காலில், நீங்கள் சொல்லும் நேரத்தில், நீங்கள் சொல்லும் குமிழைத் திருகிக் காட்டச் சொல்லுங்கள், திரையில் பட்டை ஓடினால் ஓடட்டும். கெட்டர் போட்டோவில் அன்றைய தேதி எழுதிய சீட்டும் அந்த செட்டின் சேசிஸும் சேர்ந்து தெரிய வேண்டும். கண்டென்சருக்குள் புதுசு வைத்தேன் என்று யாராவது சொன்னால், உருவிய பழைய சுருள்கள் எங்கே, வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ எங்கே என்று கேளுங்கள், உண்மையில் செய்தவன் நீங்கள் கேட்காமலே காட்டுவான். வந்த செட்டுக்கு நேராகக் கரண்ட் கொடுக்காதீர்கள், நடுவில் ஒரு பல்பைத் தொடராக இணைத்து (சீரிஸ் பல்பு) அதன் வழியாகத்தான். பிக்சர் ட்யூபைத் தொடும்முன் அதில் தங்கியிருக்கும் மின்சாரத்தை டிஸ்சார்ஜ் செய்து வெளியேற்றுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். பெட்டியைப் பிரிப்பதை, ஒட்டியிருக்கும் முதல் டேப்பைக் கிழிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள்.

அந்த விளம்பரம் இப்போது இல்லை. ஆனால் நேற்று அதே தளத்தில் வேறொரு பெயரில் ஒரு பிலிப்ஸ் மேசை டிவி வந்திருக்கிறது, அதே "பிளக்கில் செருகினால் போதும்", அதே ஜன்னல் பின்னணி, திரையில் ஒட்டியிருப்பதும் அதே படம். புகார் பொத்தானை அழுத்தினேன், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" வந்தது. பின்னணியில் பச்சைத் திரைச்சீலையும், இடது பக்கம் கண்ணாடி உடைந்த ஜன்னல் கதவும் தெரிந்தால் அது இந்த ஆள்தான், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.