தாங்கி நகர்ந்தால் கல் வளைவு என்னவாகும்? தாளா, கணினியா, மரக்கட்டையா?

வளைவின் ஒரு பக்கத் தாங்கி சில மில்லிமீட்டர் வெளியே நகர்கிறது என்று வையுங்கள். உச்சி சற்று இறங்கும். அங்கே அடிப்பக்கம் வாய் பிளந்து, கற்கள் மேல்விளிம்பில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். உச்சிக்கும் தாங்கிக்கும் இடைப்பட்ட இரு தோள்களிலும் இதற்கு நேர்மாறு. ஆக, கதவுக் கீல் போலக் கற்கள் திரும்பக்கூடிய இடங்கள், அதாவது கீல்கள், மூன்று. விரிசலைப் பார்த்தவர் பதறினாலும் வளைவு நிற்கும். இன்னொரு கீல் சேர்ந்தால்தான் ஆட்டம் காணும்.

இதைக் கணிக்க எந்த முறை நல்லது? என் முதல் ஓட்டு உந்துவிசைக் கோட்டுக்கு. கல்லிலிருந்து கல்லுக்கு அழுத்தம் பாயும் பாதைதான் அது; அந்தக் கோடு வளைவின் தடிமனுக்குள் அடங்கினால் வளைவு நிற்கும். கல்லடுக்கு இழுவையைத் தாங்காது, நசுங்காது, ஒன்றின் மேல் ஒன்று வழுக்காது. 1966-இல் பொறியாளர் ஜாக் ஹேமன் முன்வைத்த இந்த மூன்று அனுமானங்களோடு பென்சிலும் தாளும் போதும். தன் எடையை மட்டும் சுமக்கும் அரைவட்ட வளைவு நிற்க, தடிமன் ஆரத்தில் சுமார் 11 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்த வழியில் வரும் கணக்குதான். அதற்கு மேலுள்ள தடிமன்தான் தாங்கி நகர்வைச் சமாளிக்கும் கையிருப்பு. ஆனால் நகர்வு பெரிதானால் வளைவின் வடிவமே மாறிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கோட்டைப் புதிதாக வரைய வேண்டும்.

விரிசலே விடாத மீள்தன்மைப் பொருளாகக் கல்லைக் கருதும் ஃபைனைட் எலிமென்ட் மாடல் (வளைவைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை) இதற்குச் சரிவராது. தாங்கியை ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே தகைவுகள், அதாவது கல்லுக்குள் எழும் அழுத்தமும் இழுவையும், தலைகீழாகும். நிஜ வளைவோ விரிசல் விட்டு ஆசுவாசப்படுத்திக்கொள்ளும். விரிசலையும் சேர்த்துக் கணக்கிடலாம், சரி. ஆனால் பழைய சுண்ணாம்புச் சாந்தின் இழுவை வலிமையை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?

1971-இல் பீட்டர் கண்டால் பாறைத் துண்டுகளுக்காக உருவாக்கிய டிஸ்கிரீட் எலிமென்ட் முறை இங்கே கச்சிதமாகப் பொருந்தும். இதில் கணினிக்கு ஒவ்வொரு கல்லும் தனித்தனி. சரிந்து விழும்வரை பின்தொடரலாம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இணைப்பின் விறைப்பை மட்டும் மனம்போன போக்கில் போட்டுவிடக் கூடாது.

மரக்கட்டை மாதிரியை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். இங்கே நிலைத்தன்மை பெரும்பாலும் வடிவியல் சமாச்சாரம் என்பதால் சின்ன மாதிரியும் உண்மை பேசும். தாங்கியைத் திருகால் மெல்ல நகர்த்தினால், உச்சியின் அடியில் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். என்ன, கட்டைகளின் முனை மழுங்கியிருந்தால் கணக்கு சொன்னதற்கு முன்பே விழுந்துவிடும். அப்போது கணக்கில் தடிமனைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒட்டி வரும்.